சிட்டிபாபு நடத்திய ஜெப ஆலயப் பாடம்

சிட்டிபாபு என் மனைவி கிருஷ்ணவேணிக்கு அண்ணன். அவனைப் பற்றி எழுதுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவனை நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லாம் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊரையும் மாற்றியிருக்கிறேனா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

முசரவாக்கம் காலனியில் பிறந்தவன். அவன் அப்பா சாகிறவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். சிட்டிபாபுவுக்கு அது பிடிக்கவில்லை. பதினேழு வயதில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான், இருபத்தெட்டு வருஷமாக அதே கடை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவாக இருந்தாலும் கம்பத்தின் மேல் அவன் இருப்பான். வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு சன்னதித் தெரு முழுக்க சீரியல் விளக்கு கட்டுவது அவன்தான். பெருமாள் வெளியே வரும்போது கரண்ட் போய்விடக் கூடாதே என்று ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பான். அவன் சாமி கும்பிட மாட்டான். ஆனால் சாமி மேல் விழுகிற வெளிச்சம் ஒரு பல்பு குறைந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது.

கும்பிடாததற்குக் காரணம் அவன் மனைவி பட்டம்மாள். கல்யாணமாகி வந்தபோதே அவள் இயேசுவை ஏற்றுக்கொண்ட விசுவாசி. புருஷனை வா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, தகரக் கூரை போட்ட எங்கள் சபைக்குப் போய்விடுவாள். மூன்று வருஷம் இவன் வீட்டில் படுத்துக் கிடந்தான். நாலாவது வருஷம் ஒரு ஞாயிறு தானாக வந்து ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தான். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. எங்கள் சபையில் இருக்கிற எண்பது குடும்பமும் காகிதத்தில் இந்து. பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் இந்து என்றுதான் இருக்கும், பெயர்களையும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் பட்டியல் சாதியில் பிறந்தவன் கிறிஸ்தவன் ஆகிவிட்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்பது சட்டம். மதம் மாறினால் சாதி போய்விடுமாம். எங்கே போகிறது? டீக்கடையிலும் பெண் பார்க்கப் போகிற இடத்திலும் அது அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது. போவது சான்றிதழ் மட்டும். அதனால் பாஸ்டர் ஞானஸ்நானம் கொடுத்தாலும் பெயரை எங்கேயும் எழுதுவதில்லை. யாரும் யாரையும் கேட்பதும் இல்லை. இதைத் திருட்டுத்தனம் என்று சொல்கிறவர்கள் எங்கள் காலனியில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டுச் சொல்லட்டும்.

பாடம் தொடங்கியது தற்செயலாகத்தான். பாஸ்டர் வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிறு, பேச ஆள் இல்லை. மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த சிட்டிபாபுவிடம், ஊருக்கெல்லாம் மைக் கொடுக்கிறாயே, நீயே ரெண்டு வார்த்தை பேசேன் என்று நான்தான் கிண்டலாகச் சொன்னேன். அவன் முகம் சிவந்துபோய், நின்றபடியே, இயேசு தன் சொந்த ஊரில் யூதர்கள் கூடுகிற ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று ஏட்டை வாசித்த கதையைச் சொன்னான். முதலில் எல்லாரும் மெச்சினார்கள், நம்ம தச்சன் மகன்தானே என்றார்கள், கொஞ்ச நேரத்தில் மலையுச்சியிலிருந்து தள்ளிவிடக் கூட்டிப்போனார்கள். இது எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கடைசியில் அவன் ஒரு ஆளைப் பற்றிப் பேசினான். இயேசுவிடம் ஏட்டுச் சுருளை எடுத்துக் கொடுத்து, வாசித்து முடித்ததும் திருப்பி வாங்கிக்கொண்ட பணியாள்.

"அந்த ஆளப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறோம். பேரு கூட இல்ல. எல்லாரும் மலைக்கு ஓடுனப்போ அவன் சுருள பத்திரமா உள்ள வச்சிக்கினு இருந்திருப்பான். நம்ம வேலை மாதிரி இருக்குது."

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அவனுக்கு. நாலு நற்செய்தியிலும் இயேசு எந்தெந்த ஜெப ஆலயத்துக்குள் போனார், யாரிடம் பேசினார், யார் கோபப்பட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் எடுத்து எழுத ஆரம்பித்தான். கருட சேவைக்கு லைட் கட்டுகிறவன் கையெழுத்து எப்படி இருக்கும், கோழி கிளறின மாதிரி. ஆனாலும் எழுதினான். வேலை இல்லாத பகலில் என் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து எழுதுவான். எனக்கு பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. மிஷின் ஓடுகிற சத்தத்தில் ஒருவன் உட்கார்ந்து வேதம் படிக்கிறானே என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். அங்கே இயேசு குணமாக்கிய சூம்பின கைக்காரன் எந்த இடத்தில் நின்றிருப்பான், பதினெட்டு வருஷம் நிமிர முடியாத பெண்ணைக் கூப்பிட்டபோது அவள் எந்தப் பக்கமிருந்து வந்திருப்பாள் என்று என்னிடமே கேட்பான். எனக்கு என்ன தெரியும்? மைக் இல்லாமல் பின்வரிசைக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது அவனுக்குப் பெரிய கவலை. ஒருநாள் சபையில் என்னைக் கடைசியில் நிற்க வைத்து, முன்னால் நின்று சாதாரணக் குரலில் வாசித்து, கேட்கிறதா கேட்கிறதா என்று உயிரை எடுத்தான்.

பாஸ்டர் மாசத்தில் இரண்டு ஞாயிறு சாயங்காலம் அவனுக்குக் கொடுத்தார். நாற்பது பேர் வந்தோம். நன்றாக நடத்தினான் என்று நான் சொன்னால் மச்சான் பாசம் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். ஒருமுறை பின்னாலிருந்து ஒருவர், யூதர்கள்தானே இயேசுவைப் படாதபாடு படுத்தினார்கள் என்று ஆரம்பித்தார். சிட்டிபாபு விடவில்லை. அவரே யூதர்தான், அவர் அம்மா யூதப் பெண், வாராவாரம் தவறாமல் அந்த இடத்துக்குத்தான் போனார், அது அவருடைய இடம், உள்ளே நடந்தது வீட்டுச் சண்டை, வீட்டுச் சண்டையைக் காட்டி ஒரு ஜனத்தைப் பழிக்கிறவன் இந்தப் பாடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

ஜெப ஆலயம் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பட்டம்மாளைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்கு ரயிலேறினான். அங்கே யூதர்களின் பழைய ஆலயம் ஒன்று இருக்கிறது. இயேசு ஓய்வுநாளில்தானே போனார், நாமும் சனிக்கிழமையே போவோம் என்று கணக்குப் போட்டுப் போனான். சனிக்கிழமை வெளியாள் யாரையும் உள்ளே விடுவதில்லையாம். இரண்டு பேரும் சாயங்காலம் வரை கதவுக்கு எதிரே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். பட்டம்மாள் வழிநெடுக அவனைத் திட்டியதையும், பிறகு சிரித்ததையும் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அப்போதே அவளுக்கு முகம் வீங்க ஆரம்பித்திருந்தது. வந்த இரண்டாவது மாதம் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

அந்த வருஷம்தான் அவர்கள் மகள் அபி குரூப் ஃபோர் பரீட்சையில் தேறினாள். இளநிலை உதவியாளர் வேலை. எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகிற முதல் ஆள். சிட்டிபாபு கம்பத்திலிருந்து விழுந்து ஒரு வருஷத்துக்கு முன்பே தோள் போயிருந்தது, கை மேலே தூக்க முடியாது, கடையில் கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுப்பதற்குப் பாதிக் கூலிதான். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் இருந்த ஒரே பிடி அந்த வேலைதான். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

பாடம் ஓராண்டு நிறைந்தது. நிறைவு நாளில் ஒரு சின்ன விழா வைப்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் எதற்குத்தான் பிளெக்ஸ் வைப்பதில்லை? பெண் பெரியவளானாலும் வைப்போம், கிழவர் செத்தாலும் வைப்போம். எனக்குத் தொழிலே அது. சிட்டிபாபு வேண்டவே வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமல் எட்டுக்கு ஆறு அளவில் ஒன்று அடித்தேன். மேலே ‘ஜெப ஆலயங்களில் இயேசு, ஓராண்டு வேதபாட நிறைவு விழா’. நடுவில் அவன் படம், கையில் வேதம், ‘பாடம் நடத்தியவர் சகோதரர் சிட்டிபாபு’. ஒரே செலவில் இரண்டு விசேஷம் முடியட்டுமே என்று கீழே அபி படத்தையும் போட்டு, ‘குரூப் ஃபோர் தேர்வில் வெற்றி பெற்ற அன்பு மகள் அபி, கர்த்தருக்கே ஸ்தோத்திரம்’ என்று எழுதினேன். விடியற்காலையில் நானே கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் கட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு சிட்டிபாபு பார்த்துவிட்டு, தோள் வலியோடு ஏறி, தானே அறுத்துப் போட்டான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அதற்குள் இரண்டு மணி நேரம் அது ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. தேர்வுப் பட்டியலில் அபிக்கு அடுத்து நின்ற ஒருவன், அவனும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைதான், அதைப் போட்டோ எடுத்து மனு போட்டுவிட்டான். கிறிஸ்தவக் குடும்பம், இந்து என்று பொய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது, ஆதாரம் இணைப்பு. அபியின் உத்தரவு நின்றது. விசாரணைக்கு வரும்படி தபால் வந்தது.

வக்கீல் தெளிவாகச் சொன்னார். அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் தாங்கள் இந்துதான் என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வீட்டையும் வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு சாயங்காலமே சுவரிலிருந்த வசனக் காலண்டரைக் கழற்றினோம். நான் என் மிஷினிலேயே அம்மன் படம் ஒன்று அடித்து பிரேம் போட்டு மாட்டினேன். பட்டம்மாள் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் தடுக்கவில்லை. அவளுடைய வேதத்தை எடுக்க நான் தலையணை அடியில் கை விட்டபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க இன்னா வேணா பண்ணுங்க. என் கிட்ட யாராச்சும் வந்து கேட்டா, நான் ஆண்டவரோட ஆளுதான்னு சொல்லிடுவேன். எனக்குப் பொய் வராது."

அவள் உடம்பு இருந்த நிலையில் இன்னும் எத்தனை மாதம் என்பது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிட்டிபாபு அவளை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. நடக்க முடியாத நோயாளி என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வக்கீலிடம் கொடுத்தோம். அவள் பெயருக்கு எதிரே அதை இணைத்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த ஆள் கட்டிலைப் பார்த்துவிட்டு, தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்று போய்விட்டார். அவள் தூங்கவில்லை.

விசாரணைக்குப் போகிற பஸ்ஸில் அபி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா மாமா என்று மெதுவாகக் கேட்டாள். முன்சீட்டில் இருந்த சிட்டிபாபுவுக்குக் கேட்டுவிட்டது. அவன் திரும்பவில்லை. உங்க அம்மாவோட ஊசிக்கு யாரு காசு போடுவா என்று மட்டும் சொன்னான்.

அதிகாரி ஒரு பெண்மணி. குறை சொல்ல ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். முதலில் என்னைக் கேட்டார். கம்ப்யூட்டரில் உட்காருகிற பையன் வேறு யாருக்கோ அடிக்க வேண்டியதில் பெயரையும் படத்தையும் மாற்றிப் போட்டுவிட்டான் என்று, வக்கீல் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன். என் கடையில் அப்படி ஒரு பையனே கிடையாது. அபி தலையைக் குனிந்தபடி, நான் இந்து, எங்கள் குலதெய்வம் இன்னது என்று சொன்னாள். பிறகு சிட்டிபாபு. இருபத்தெட்டு வருஷமாகப் பெருமாள் கோவில் விழாவுக்கு லைட் கட்டுகிறவன் என்று சொன்னான். அது சத்தியமான உண்மை. அதை அவன் பொய்க்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினான்.

அந்த அம்மாள் போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டே, ஏதோ சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர் போல, ஜெப ஆலயம் என்றால் சர்ச்தானே என்று கேட்டார்.

சிட்டிபாபு மாட்டிக்கொண்டான். அவனால் முடியவில்லை. "இல்ல மா, சர்ச் வேற," என்று ஆரம்பித்துவிட்டான். அது யூதர்கள் கூடி வேதம் வாசிக்கிற இடம், எருசலேமில் இருந்த பெரிய கோவில் வேறு, இது ஊருக்கு ஊர் இருக்கும், பாதிரி கிடையாது, ஊரில் யார் வேண்டுமானாலும் எழுந்து வாசிக்கலாம், வாசிக்கும்போது நிற்பார்கள், விளக்கம் சொல்லும்போது உட்கார்ந்துகொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். கைகள் தானாக மேலே வந்துவிட்டன, நொந்த தோளையும் மறந்துவிட்டான். அத்தனை நாள் இருட்டடித்துக் கிடந்த முகம் தெளிந்துவிட்டது. அந்த அம்மாள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். அபி அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் பாதி வாக்கியத்தில் நின்றான்.

பிறகு அந்த அம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு, "நீங்க கிறிஸ்டியனா?" என்று நேராகக் கேட்டார்.

"இல்ல மா."

"சர்ச்சுக்குப் போறது உண்டா?"

"மைக்செட்டு வேலைக்குப் போவேன் மா. அவ்ளோதான்."

எழுதியதை வாசித்துக் காட்டினார். நான் கிறிஸ்தவன் அல்ல, எக்காலத்திலும் கிறிஸ்தவனாக இருந்ததில்லை, என் குடும்பத்தாரும் அல்ல. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான். வெளியே வந்து மரத்தடியில் வாந்தியெடுத்தான். நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தபோது அபி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் சான்றிதழ் செல்லும் என்று உத்தரவு வந்தது. அபி வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் மூச்சு விட்டோம் என்று நினைத்தால் அது தப்பு. மனு போட்டவன் மேலே அப்பீல் போய்விட்டான். புதிதாக ஏதாவது ஆதாரம் கிடைத்தால் கொடுக்கலாம் என்று அவனுக்கு அவகாசமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு எதிரே முன்பின் தெரியாத ஆட்கள் பைக்கை நிறுத்திக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

சபை மூப்பர்கள் கூடினோம். என் வீட்டில்தான் கூட்டம், சிட்டிபாபுவையும் வரச் சொல்லியிருந்தோம். சிட்டிபாபு இயேசுவை மறுதலித்துவிட்டான் என்று யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? அவர்கள் சொன்னது வேறு. இவன் சபைக்கு வந்தால் போட்டோ எடுப்பார்கள், அதே போட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனும் விழுவான், ஒவ்வொருவராக எண்பது குடும்பத்துப் பிள்ளைகளின் சான்றிதழுக்கும் கேள்வி வரும். அதனால் சிட்டிபாபு இனி சபைக்கு வர வேண்டாம். பாஸ்டர் அழுதுகொண்டே சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். என் மகள் ஜெயப்ரியா அந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருந்தாள், அதே மாதிரிச் சான்றிதழில்தான். இந்த வம்பை இழுத்து விட்டவனே நான். நான் எழுந்து, போக வேண்டியது சிட்டிபாபு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல உட்கார்ந்திருந்தேன்.

சிட்டிபாபு ஒன்றே ஒன்று கேட்டான். பட்டம்மாளை மட்டும் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகட்டுமா என்றான். அதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். சரி என்று எழுந்துகொண்டான்.

அவனைக் கொண்டுவிட நான் கூட நடந்தேன். பாடத்தின் கடைசி வாரத்தில் அவன் யோவான் எழுதியதிலிருந்து ஒன்று சொல்லியிருந்தான். ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள் என்று பயந்து, இயேசுவை உள்ளுக்குள் நம்பியும் வெளியே சொல்லாமல் இருந்த பெரிய மனிதர்களைப் பற்றி. அன்றைக்கு அவர்களைக் கிழி கிழியென்று கிழித்தான். இப்போது நடந்துகொண்டே, அந்தப் பாடத்தைத் தப்பாக நடத்திவிட்டேன் மச்சான் என்றான்.

"அவங்களுக்கும் வீட்ல பொண்ணு இருந்திருக்கும்பா. நான் அத யோசிக்கவே இல்ல."

அந்த நோட்டை என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஐப்பசியில் பட்டம்மாள் போய்விட்டாள். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவள், கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தாள், அவ்வளவுதான். அபி தனக்கு வேலை போட்டிருந்த விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, அந்த பைக் ஆட்களும் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். சாவு வீட்டுக்கு வந்த மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கையில் போன். சிலுவை எங்கேயாவது தெரிகிறதா, பாஸ்டர் வருகிறாரா என்று பார்க்க வந்தவர்கள். அவர்களை அடித்து விரட்டக் கூட எங்களுக்கு வழியில்லை.

பாஸ்டர் வரவில்லை. சபையிலிருந்து வந்தவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள் மாதிரி வந்து நின்றார்கள், ஒரு பாட்டு இல்லை, ஒரு ஜெபம் இல்லை. பறை அடித்தார்கள். இருபது வருஷமாக நெற்றியில் ஒன்றும் வைக்காதவளுக்கு, சுமங்கலியாகப் போகிறவள் என்று பெண்கள் குங்குமத்தை ரூபாய் அளவுக்கு அப்பினார்கள். எதை எப்போது செய்ய வேண்டும் என்று சிட்டிபாபுவுக்குத் தெரியவில்லை. வெட்டியான் சொல்லச் சொல்லச் செய்தான். வாய்க்கரிசி போடு என்றால் போட்டான், சுற்றி வா என்றால் சுற்றி வந்தான், குடத்தை உடை என்றால் உடைத்தான். அபி ஒரு மூலையில் கிருஷ்ணவேணி மடியில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தன்னால்தான் எல்லாம் என்று அவள் முனகிக்கொண்டிருந்ததாக என் மனைவி பிறகு சொன்னாள். அவளால் இல்லை, என்னால்.

மூன்றாம் நாள் இறப்பைப் பதிவு செய்யப் போனோம். போவதற்கு முன் வக்கீல் போன் செய்து எச்சரித்திருந்தார். அப்பீலில் எதிர்த்தரப்பு அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கும், மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் வேறு மாதிரி ஒரு எழுத்து விழுந்தாலும் அபி வேலை அன்றைக்கே போய்விடும். சிட்டிபாபுவிடம் நான் அதைச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, படிவம் எழுதுகிற நடுத்தர வயது மனிதர். இறந்தவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், கணவர் பெயர் கேட்டார். எல்லாவற்றுக்கும் சிட்டிபாபு நிதானமாகப் பதில் சொன்னான். கடைசியாக, "மதம்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சிட்டிபாபு என்னைத் திரும்பிப் பார்த்தான். தனக்காக அவன் எப்போதோ சொல்லியாகிவிட்டது. மகள் சொல்லிவிட்டாள், நான் சொல்லிவிட்டேன். எங்கள் நாலு பேரில் அந்த வார்த்தையைச் சொல்லாமலே போனவள் அவள் ஒருத்திதான். நீயாவது ஏதாவது சொல்லேன் என்று அவன் கண் என்னைக் கெஞ்சியது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் உதடு அசைந்தது. எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"இந்துங்க," என்றான்.